அம்மா எண்ணுக்கு வரும் காபி

1. சித்திரை முடிவதற்குள் அம்மா இறந்துபோனாள்.

2. காரியம் முடிந்த மறுநாள் காலையில், வீட்டில் காபி வேண்டாம் என்றார் அப்பா. மெயின் ரோட்டில் இருக்கும் காபிக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படியே.

3. மழைக்காலத்தில் அந்தக் கடையை மூடினார்கள். தை மாதம் திறந்தபோது காபி மாஸ்டர் நின்ற இடத்தில் ஓர் இயந்திரக் கை இருந்தது.

4. காசு வாங்கிக்கொண்ட பிறகு அங்கிருந்த தொடுதிரை அப்பாவிடம் போன் நம்பர் கேட்டது. அப்பா அம்மாவின் நம்பரை அழுத்தினார்.

5. வீட்டில் என் மேசையில் சார்ஜில் கிடந்த அம்மாவின் போன் அதிர்ந்தது. 'உங்கள் காபி தயார்' என்று ஒரு செய்தி. அதன் கீழே காபியின் வகை, நான்கு இலக்க எண்.

6. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அதை அழித்தேன்.

7. அப்பா காபி குடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அலுவலகம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஒரு பிழையைக் கண்டால் என்ன செய்தோம், அதன் பிறகு என்ன நடந்தது என்று எண் போட்டு எழுத வேண்டும். படிப்பவர் அதே வரிசையில் செய்து பார்த்தால் அவருக்கும் அதே பிழை வர வேண்டும். மேலே இருப்பதை அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

அப்பா அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவர் செய்தவை குறைவு. காலையில் குளிப்பார். சோபாவில் உட்காருவார். டி.வி. ஓடாது, ரிமோட் மட்டும் கையில் இருக்கும். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார். மாத்திரை வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். அவரை வாசலைத் தாண்ட வைத்தது அந்த ஒரு காபிதான். அதுவும் நின்றுவிட்டால் வெளியே போக அவருக்கு வேறு காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அழவும் இல்லை, அவரை அழச் சொல்லவும் இல்லை. அந்தக் காபியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டால் லேப்டாப்பைத் திறப்பேன்.

பழைய கடையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காபி சுமார்தான். டம்ளர் அலசும் வாளித் தண்ணீரைப் பார்க்காமல் இருப்பது நல்லது. நடைபாதையில் நின்றுதான் குடிக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்தவர்கள், பால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் முழங்கை முழங்கையில் இடிக்க நிற்பார்கள். குடித்த பிறகுதான் காசு. என்ன குடித்தோம் என்பதைக் குடித்தவரே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். தினமும் வருகிறவர் ரோட்டைக் கடக்கும்போதே அவருடைய காபி பாதி ஆகியிருக்கும். மாஸ்டர் ரோட்டைப் பார்த்து நின்றதால் அது முடிந்தது. புது இயந்திரம் சுவரைப் பார்த்து நிற்கிறது. மாஸ்டர் இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாணச் சமையல் குழுவில் இருக்கிறாராம். சம்பளம் இதைவிட அதிகம் என்று கேள்வி.

புதுக் கடையில் வெள்ளை வெளிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கை கோப்பையை எடுத்து, டிகாக்‌ஷன் பிடித்து, பால் பிடித்து, ஒரு சிறிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்கும். போனுக்கு வந்த எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும். கொஞ்ச நேரம் யாரும் எடுக்காவிட்டால் அதே கை கோப்பையைத் திரும்பத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்துவிடும். காபி நன்றாகவே இருக்கும். நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கும். வாங்க வருகிறவர்கள் பைக்கை விட்டு இறங்காமல் போனைப் பார்த்தபடி இருப்பார்கள். செய்தி வந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. கடையில் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். பால் ஊற்றுவது, பொடி நிரப்புவது, தொட்டியைக் காலி செய்வது, சில்லறைக் காசு வாங்குவது எல்லாம் அவள் வேலை.

அப்பா ஏன் அம்மாவின் நம்பரைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாமே அம்மாவின் நம்பரில்தான் இருந்தன. காஸ், ரேஷன், கரண்ட் பில், பாங்க், மளிகைக் கடை. எந்தக் கடையில் நம்பர் கேட்டாலும் அப்பா அதைத்தான் சொல்வார். எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஷிப்ட் முடிந்ததும் கூப்பிட வேண்டியது மனைவியை என்பதால் அவள் நம்பர் மனப்பாடம். தன்னைத்தானே கூப்பிட யாருக்கும் அவசியம் வருவதில்லை என்பதால் தன் நம்பர் தெரியாது. அப்பாவிடமும் ஒரு பட்டன் போன் இருக்கிறது. அது டி.வி. பக்கத்தில் கிடக்கும்.

இதெல்லாம் மறுநாள் காலைதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் போன் மணி அடித்தது. அதற்கு யாரும் கூப்பிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பாங்க் செய்திக்காக மட்டுமே அதைச் சார்ஜில் வைத்திருந்தேன்.

"ஹலோ மேடம், காபி ஷாப்லருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரர் இங்க நிக்கிறாரு. உங்களுக்கு நாலு நம்பர்ல ஒரு கோடு வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?"

வீட்டுக்காரர் இல்லை, அப்பா என்று நான் திருத்தவில்லை. செய்தியைத் தேடினேன்.

"சீக்கிரம் மேடம். கை திரும்புது."

அவளுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "யாராண்டம்மா பேசற? அந்த நம்பர்ல யாரு எடுத்தாங்க?"

"உங்க வீட்லதான் அங்கிள்."

வண்டிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு அப்பா போனை வாங்கியிருக்க வேண்டும்.

"பாப்பாவா?"

"ஆமாப்பா. ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் "திறந்துடுச்சு அங்கிள், எடுத்துக்குங்க" என்பது கேட்டது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றியபடி, "சூடாத்தான் கீது அந்த மிஷின் காபி" என்றார்.

நம்பரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. மறுநாள் செய்யலாம் என்று இருந்தேன். மறுநாளும் கூப்பிட்டார், படித்தேன். அதற்கடுத்த நாளும். அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் தவறாமல் நடந்த பேச்சு அந்த நான்கு எண்கள்தான். அலுவலகம் போகும் நாட்களில் இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் நின்றபடி எண் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் பாங்க் ரகசியத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கடை வாசலில் ஆட்டோ நிறுத்தும் ஒருவர், பாடியில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். அப்பா அவருடைய போனிலிருந்துதான் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்.

"இன்னா மாமே, காபி குடிக்க ஓ.டி.பி. கேக்குதா? அடுத்து கைரேக வெக்கச் சொல்லுவான் பாரு."

"வெக்கறேன். உனுக்கு இன்னா?"

"எனுக்கு இன்னாவா? எம்போனு சவாரி சவாரின்னு கத்திகினே கீது, அதுல எங்க போய் மெசேஜ் தேடறது. உன் நம்பரையே எனுக்கும் போட்டுடு. படிக்கத்தான் ஆளு கீதே. பாப்பா, கேக்குதா? ரெண்டா படி கண்ணு."

"ரெண்டு வந்திருக்கு மாமா. ஒன்னு ஸ்ட்ராங், ஒன்னு சர்க்கரை இல்லாதது. எது யாருது?"

"சக்கர இல்லாதது எனுது. ஊருக்கே சொல்லிட்டியே, சரி வுடு."

அன்றிலிருந்து இரண்டு. பிறகு அது பெருகியது. அந்த ஸ்டாண்டில் போனோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் எல்லாரும் அம்மாவின் நம்பரை அழுத்தத் தொடங்கினார்கள். கடைப் பெண்ணும் தடுக்கவில்லை. அவளுக்குத் தொட்டியில் கொட்டும் காபி குறைந்தது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல நான் காபியின் வகையைச் சொல்லி எண்ணைச் சொல்வேன். "பால் கூடுதல், மூனு மூனு எட்டு ஒன்னு." அங்கே யாராவது "நம்முளுது" என்பார். "யோவ், அது எனுது, நீ லைட்டு" என்று இன்னொருவர். முகம் தெரியாத அவர்களில் யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்குக் கசப்புப் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துபோனது. போனில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன், அங்கே மறுபடியும் கும்பலாக நின்றார்கள். எண் ஓரிடத்திலிருந்து வருவதால் அந்தப் போனைச் சுற்றித்தான் நின்றாக வேண்டும்.

அப்பா திரும்பி வர நேரமானது. ஒருநாள் வந்ததும், "பாடி பிரிட்ஜாண்ட லாரி ஒன்னு குட சாஞ்சிகினு கீதாம். நீ இன்னிக்கு அந்தப் பக்கம் போவாத" என்றார். அன்று நான் வீட்டில்தான் வேலை. சரிப்பா என்றேன். அம்மா இறந்த பிறகு அவர் வெளியிலிருந்து கொண்டுவந்த முதல் செய்தி அது.

பிறகு ஒரு காலை வேறு மாதிரியான செய்தி வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதையும் சேர்த்தே படித்துவிட்டேன். 'வாழ்த்துகள். இந்தக் கிளையில் இந்த மாதம் அதிகக் காபி அருந்தியவர் நீங்கள்தான். உங்கள் பிறந்தநாளைத் தெரிவித்தால் அன்று ஒரு காபி எங்கள் அன்பளிப்பு.'

அம்மா அந்தக் கடையில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. வெளிக் காபி எல்லாம் பவுடர் பால் என்பாள்.

ஆட்டோக்காரர், "வுடு மாமே, ஒரு காபி லாபம்" என்றார். அப்பா சிரித்தார். சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். ஸ்பீக்கரில் சரியாகக் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அம்மாவின் நம்பரை முடக்கினார்கள். கடைப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மேலருந்து மெயில் வந்திருக்கு மேடம். ஒரே ஆளு இவ்ளோ காபி குடிக்க முடியாதாம். செக் பண்ற வரைக்கும் உங்க நம்பர் எடுக்காது."

இயந்திரம் சரியாகத்தான் செய்திருந்தது. அதை எழுதியவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்த விதியை வைத்திருப்பேன்.

சனிக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போனேன். அவருடைய பட்டன் போனைக் கையில் கொடுத்து, அவருடைய சொந்த நம்பரைத் திரையில் போட்டேன். நம்பரைச் சேமிக்கும் வசதி திரையில் இருந்தது, அடுத்த முறையிலிருந்து முதல் இரண்டு எண்ணை அழுத்தினாலே மீதி தானாக வரும்படி செய்தேன். செய்தி வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது."

அவரே அழுத்தினார். கதவு திறந்தது. ஆட்டோக்காரருக்கும் மற்ற சிலருக்கும் அவரவர் நம்பரைப் போட்டுக்கொடுத்தேன். எல்லாம் வேலை செய்தது. திங்கட்கிழமையிலிருந்து அம்மாவின் போன் அமைதியாக இருந்தது. என் காலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த வாரத்தின் நடுவில் அப்பா ஒருநாள் போகவில்லை. கால் வலி என்றார். மறுநாள் வெயில் என்றார். அதற்குப் பிறகு போகவே இல்லை. சோபா, ரிமோட். நான் போட்டுத் தந்த காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். பேச்சும் நின்றது. "சாப்பாடு வைக்கவா" என்பேன், "வை" என்பார். வெளியே போகச் சொல்லிப் பார்த்தேன். "போயி?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நின்றபோது ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னா பாப்பா, உங்கப்பன ஊட்ல கட்டிப் போட்டுகிறியா?"

"வரமாட்டேன்றாரு மாமா. கேட்டா கால் வலின்றாரு."

"காலுக்கு இன்னா, கல்லாட்டம் கீறான். பாடில என்ன முந்திகினு கேண்டீனுக்கு ஓடுன காலு அது."

"கடையில ஏதாவது ஆச்சா? யாராவது எதுனா சொன்னாங்களா?"

"யாரு சொல்லப் போறா. கடைசியா வந்தன்னிக்கு நான் கூடத்தான் நின்னுகினு இருந்தேன். அந்த டப்பா போனப் பாத்து கோடு போட்டான். கதவு தொறந்துச்சு. எடுத்துகினு ஓரமாப் போயி குடிச்சான். இன்னா மாமேன்னேன், ஒன்னும் இல்லன்னான். கோப்பயப் போட்டுட்டு நடந்து பூட்டான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மிஷின் நல்லாத்தாம்மா வேல செஞ்சுது."

அன்று மதியம் அலுவலகத்தில் ஒரு கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் காபி நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அம்மாவின் போனிலிருந்து பேசினேன். முதலில் பதிவு செய்த குரல், எண்களை அழுத்தச் சொன்னது. பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"எண்ணை விடுவிக்கணும்னா கணக்கு வச்சிருக்கவங்ககிட்டதான் மேடம் பேச முடியும்."

"நான்தான்."

பெயர் கேட்டான். அம்மாவின் பெயரைச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டான். சொன்னேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"நீங்க எத்தன பேருக்கு காபி வாங்குறீங்க மேடம்?"

"வீட்டுக்காரருக்கு மட்டும்."

"ஆனா ஆர்டர் நிறைய காட்டுதே."

"அவரோட சிநேகிதங்களுக்கும் சேர்த்து வாங்கினோம். இனிமே வாங்க மாட்டோம். ஒரு நாளைக்கு ஒன்னு போதும்."

"ஓகே மேடம், லிமிட் போட்டுடறேன். அடுத்த மாசம் உங்களுக்குப் பிறந்தநாள் வருது. அட்வான்ஸா வாழ்த்துகள்."

"தேங்க்ஸ்" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது அந்த அறைக்காகக் காத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்து மீதி இருந்த சோதனைகளை முடித்தேன்.

சாயங்காலம் அம்மாவின் சிம்மை எடுத்து என் போனில் இரண்டாவது இடத்தில் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா நம்பரையே திரும்பப் போட்டுட்டேன்ப்பா. கடையில அதையே அழுத்துங்க."

"அப்போ கோடு?"

"நான் படிக்கிறேன்."

"ஆபீசு போற அன்னிக்கு?"

"என் போன்லதான் வரும். எங்க இருந்தாலும் சொல்லிடுவேன்."

"மத்தவங்களுக்கு?"

"ஒன்னுதான்ப்பா எடுக்கும். உங்களுக்கு மட்டும்."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த நைனாக்குத்தான் கஷ்டம். போனப் பாத்தாலே அவனுக்குத் தல சுத்தும்" என்றார். ஆட்டோக்காரரைச் சொன்னார். மறுநாள் காலை கிளம்பிப் போனார்.

அவர் ஏன் நிறுத்தினார், ஏன் மறுபடி போனார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் நம்பரை அழுத்துவது வேண்டியிருந்திருக்கலாம். நான் எண் படிப்பது வேண்டியிருந்திருக்கலாம். போனைச் சுற்றி நின்ற கும்பலாகவும் இருக்கலாம், ஆனால் கும்பல் திரும்ப வராமலே அவர் போகிறார். காரணத்தைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அவர் போகிறாரா என்று கவனிப்பது. அதை நான் செய்யப் போவதில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

இப்போது நிலைமை இது. பாங்க்கில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அம்மாவின் கணக்கை முடித்தாகிவிட்டது. காஸும் ரேஷனும் என் நம்பருக்கு மாறிவிட்டன. அம்மாவின் நம்பரில் மிச்சம் இருப்பது இந்தக் காபி மட்டும், அதற்காக ரீசார்ஜ் செய்கிறேன். கடையில் இப்போது யாரும் அதிகம் நிற்பதில்லை. ஆட்டோக்காரர் அப்பாவோடு நின்று குடிக்கிறார், அவருக்குக் கடைப் பெண் அவர் போனைப் பார்த்து எண் சொல்கிறாள். கடையில் அடுத்து முகத்தைப் பார்த்தே கதவு திறக்கும் முறை வரப்போகிறது என்று ஒட்டியிருக்கிறார்கள். அது எப்போது வரும் என்று தெரியவில்லை. அதுவரை அப்பா தினமும் போகிறார், நான் எண் சொல்கிறேன்.